ஆள் போன இடம், உயிர் வந்த இடம்: ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு கேமராத் தொழில்

காட்டுயிர்ப் படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்று வரும் இளைஞர்கள் பெரும்பாலும் லென்ஸைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். "ஊர் எது?" என்று நான் கேட்பேன். ஜேடர்பாளையம், சோழசிராமணி, பிலிக்கல்பாளையம் என்று பதில் வந்தால் எனக்கு மகிழ்ச்சி. அவர்களுக்கோ முகம் வாடும். "எங்க ஊர்ல என்னங்கண்ணா இருக்குது? கபினி, முதுமலைன்னு போனாத்தான படம்?" என்பார்கள்.

கபினிக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே ஒரு சிறுத்தை மரக்கிளையில் படுத்திருந்தால், சுற்றி நிற்கும் ஜீப்புகளில் இருக்கும் அத்தனை பேரிடமும் அதே படம் இருக்கும். பலரிடம் உங்களுடையதைவிட நல்ல லென்ஸும் இருக்கும். அந்தப் படத்தை உங்களிடம் வந்து வாங்க யாருக்கும் காரணம் கிடையாது. ராஜா வாய்க்கால் கரையில் பாழடைந்து கிடக்கும் ஒரு வெல்ல ஆலைக் கொட்டகையில் குடியிருக்கும் கூகைக் குடும்பத்தை நீங்கள் இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து எடுத்து வைத்திருந்தால், அந்தத் தொகுப்பு உங்கள் ஒருவரிடம்தான் இருக்கும். விலை பேசும் தகுதி அங்கேதான் வருகிறது.

உங்கள் 10 கிலோமீட்டர்

முதல் வேலை, வீட்டிலிருந்து சைக்கிளிலோ பைக்கிலோ தினமும் போய்வரக்கூடிய ஒரு வட்டத்தைக் குறித்துக்கொள்வது. 10 கிலோமீட்டர் போதும். ஜேடர்பாளையத்தை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் என்னென்ன உள்ளே விழுகிறது என்று பாருங்கள். காவிரி, தடுப்பணை, 17ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய ராஜா வாய்க்கால். கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். கொஞ்சம் மேட்டுக்கு ஏறினால் கல்குவாரிகளும் கோழிப் பண்ணைகளும். வாரக் கடைசியில் படகுக்கும் மீன் வறுவலுக்கும் வருகிற கூட்டம் பூங்காவையும் அணையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மீதி முழுக்க உங்களுக்குத்தான்.

ஆற்றில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி இருக்கிறது. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறி பார்த்துத் தலைகுப்புற விழும் பறவை; பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. ஆற்று ஆலா, நீர்க்காகம், நாரை வகைகள். காவிரியில் நீர்நாயும் உண்டு. அதிகாலையில் கரையோரம் கூட்டமாக மீன் தின்னும். வயல் பக்கம் மயில், கீரி, உடும்பு, அந்தி நேரத்தில் வரப்போரம் நழுவும் காட்டுப்பூனை.

இனி ஆளில்லாத இடங்கள். இதில்தான் சேலம், நாமக்கல் சமவெளிக்கு நிகரில்லை என்று நினைக்கிறேன். மாடு பூட்டி நீர் இறைத்த கவலைக் கிணறுகள், மோட்டார் வந்ததும் கவலையை விட்டன. ஆழ்துளைக் கிணறு வந்ததும் தண்ணீரையும் விட்டன. பக்கத்தில் கல்தூண்கள் மட்டும் நிற்கும். கொப்பரை எடுத்துப்போன வெல்ல ஆலைக் கொட்டகைகள், கட்டுப்படியாகாமல் மூடிய நீளமான கோழிக் கொட்டகைகள், இயந்திரங்களை விற்றுவிட்டுச் சுவர் மட்டும் மிஞ்சிய சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள், பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டதால் பூட்டிக் கிடக்கும் ஓட்டுச் சாளை வீடுகள். ஒவ்வொன்றும் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு எழுதிவைக்காத படம் அரைப் படம்தான்.

மனிதர் போன பிறகு அந்த இடம் சும்மா இருப்பதில்லை. முதலில் பல்லியும் புறாவும் வரும். தானியம் கொஞ்சம் சிந்திக் கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிக் கூகையும் பாம்பும் வரும். இருட்டான உத்தரத்தில் வௌவால் தொங்கும். பறவை எச்சத்தில் விழுந்த விதை சுவர் வெடிப்பில் முளைத்து அரசாகவும் ஆலாகவும் வேர்விடும். அந்த வேர் சுவரைப் பிளக்கும். பிளந்த இடுக்கில் புள்ளி ஆந்தை பகலில் வந்து எட்டிப்பார்க்கும். இந்த வரிசையைத் தேதியோடு படமாக எடுத்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. காட்டுயிர்ப் படத்தையும் பாழடைந்த இடத்தின் படத்தையும் இரண்டு தனித் துறைகளாகப் பார்க்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். இந்த ஊரில் இரண்டும் ஒரே கதை.

உலகம் இதை மதிக்கிறதா?

மதிக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2025இல் முதலிடம் பெற்றது காட்டு யானையோ புலியோ இல்லை; ஓர் ஆளில்லா ஊரில் நிற்கும் கழுதைப்புலி. நமீபியாவில் வைரம் கிடைக்கிறது என்று 1908க்குப் பிறகு எழும்பி, வைரம் தீர்ந்ததும் 1950களில் முற்றிலும் காலியான கோல்மன்ஸ்கோப் என்ற ஊர். வீடுகளுக்குள் பாலைவன மணல் இடுப்பளவு ஏறிக் கிடக்கும். தென்னாப்பிரிக்கப் படக்கலைஞர் விம் வான் டென் ஹீவர் அங்கே பழுப்புக் கழுதைப்புலியின் காலடித் தடத்தைப் பார்த்தார். தானியங்கிக் கேமராவை வைத்து, நினைத்த படம் கிடைக்க 10 ஆண்டு பிடித்தது. 2022இல் அதே போட்டியின் நகர்ப்புறக் காட்டுயிர்ப் பிரிவில் வென்றது ரஷ்யாவின் திமித்ரி கோக் எடுத்த படம்: கோல்யூச்சின் தீவில் 1990களில் கைவிடப்பட்ட வானிலை நிலையத்தின் ஜன்னலில் தலைநீட்டும் பனிக்கரடிகள்.

நம் பக்கத்தில் பாருங்கள். 2023இல் அதே போட்டியின் முதுகெலும்பற்ற உயிர்களுக்கான பிரிவில் வென்ற ஸ்ரீராம் முரளி, ஆனைமலைக் காட்டின் மின்மினிகளை 19 வினாடி வீதம் 50 படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்த்தார். தன் ஊருக்குப் பக்கத்துக் காடு அது. 2020இல் ஐஸ்வர்யா ஸ்ரீதருக்குப் பாராட்டு பெற்றுத் தந்ததும் மின்மினி மரம்தான். தேனிப் பக்கத்து ஊரில் பிறந்து, கணினிப் பொறியியல் படித்து, பறவைப் படங்களில் தொடங்கி முழுநேரக் காட்டுயிர்ப் படக்கலைஞரானவர் ரதிகா ராமசாமி. இவர்களுக்கெல்லாம் முன்னோடி மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைக் கருப்பு வெள்ளையில் எடுத்த அதே கவனத்தோடு அணிலையும் காக்கையையும் வீட்டுப் பல்லியையும் பார்த்தவர். வாங்கிய பாகங்களையும் தானே சேர்த்துக் கட்டிய பாகங்களையும் கொண்டு உருவாக்கிய கனமான கேமராவோடு அலைந்தார். இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் சாதாரண மிரர்லெஸ் அதைவிட எவ்வளவோ வேலை செய்யும்.

கட்டடம், கோட்டை பக்கம் முன்னோடி வேண்டுமானால் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசு 1856இல் சம்பளத்துக்கு அமர்த்திய படக்கலைஞர். 1858இல் அவர் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. செலவு கூடுதல் என்று அரசு சில ஆண்டுகளில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. படங்கள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வேலை போகலாம், ஒழுங்காகப் பெயரும் தேதியும் இட்ட தொகுப்பு போகாது. இந்தத் தொழிலில் உங்கள் சொத்து அதுதான்.

கதவைத் தட்டாமல் உள்ளே போகாதீர்கள்

பாழடைந்த இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று அர்த்தமில்லை. பூட்டு இல்லாத சாளைக்கும் பட்டா உண்டு. கேட்காமல் நுழைந்தால் அத்துமீறல். குற்றம் செய்யவோ தொந்தரவு தரவோ நுழைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவு அதைக் குற்றமாகவே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், ஊரில் ஒருமுறை பெயர் கெட்டால் அந்த வட்டமே உங்களுக்கு மூடிவிடும்.

கேட்பது கஷ்டமில்லை. கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு போங்கள்.

"ஏனுங்கய்யா, இந்தச் சாளைக்குள்ள கூகை இருக்குதுன்னு சொன்னாங்க. வாசல்ல நின்னு படம் எடுத்துக்கலாமுங்களா?"

"எடுத்துக்க கண்ணு. உத்தரமெல்லாம் உளுத்துப் போச்சு, உள்ள மட்டும் போயிராத."

இந்த ஒரு பதிலில் உங்களுக்கு அனுமதியும் கிடைத்தது, பாதுகாப்பு அறிவுரையும் கிடைத்தது. அடுத்த முறை போகும்போது ஒரு நல்ல பிரதியை அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூகை வீட்டில் அலறினால் கெட்ட சகுனம் என்று விரட்டுகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தன் நெல்லையும் கடலையையும் தின்னும் எலியைத் தூக்கிப்போகும் கூகையின் படத்தைப் பார்த்த தோட்டத்துக்காரர் அடுத்த முறை கல்லெடுக்கமாட்டார். விற்பதற்காக எடுக்கும் படமென்றால் மட்டும் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் ஒரு தாளில் இடத்தின் பெயர், தேதி, அனுமதி தருபவர் கையெழுத்து என்று நாலு வரி வாங்கிவிடுங்கள். பதிப்பகங்களும் விளம்பர நிறுவனங்களும் பின்னால் அதைக் கேட்கும்.

கோட்டைகளுக்கு வேறு விதி. நாமக்கல் கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை. முக்காலி, விளக்கு, ஆட்கள் என்று போனால் முன் அனுமதி வேண்டும். காப்புக்காடுகளுக்கு மாவட்ட வன அலுவலகத்தில் கேட்க வேண்டும். சரணாலயம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. டிரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்ட சிறு டிரோனுக்கு விமானி உரிமம் தேவையில்லை என்பதை வைத்துக்கொண்டு எங்கும் பறக்கவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கூடு கட்டும் நாரைக் கூட்டத்தின் மேல் டிரோன் போனால் பெற்ற பறவை எழும்பிவிடும், காக்கை வந்து முட்டையை எடுத்துவிடும்.

இரை வைத்தால் அது வேட்டை

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்று எதையெல்லாம் சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். கொல்வதும் பிடிப்பதும் மட்டுமில்லை. விரட்டுவதும், இரை வைத்து வரவழைப்பதும், பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அதற்குள் வருகின்றன. ஆந்தைக்கு எலியைக் கட்டிப்போட்டு எடுக்கும் படம், கிளையை வெட்டிக் கூட்டைத் திறந்துகாட்டி எடுக்கும் படம், பாம்பைப் பிடித்துக் கல்மேல் வைத்து எடுக்கும் படம் எல்லாம் சட்டப்படி குற்றத்தின் ஆதாரம். தொழில் என்று பார்த்தாலும் தற்கொலை. பறவைக் கூட்டைக் காட்டும் படங்களை ஏற்காத போட்டிகளும் இதழ்களும் இந்தியாவிலேயே பல. லண்டன் போட்டியில் 2009இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டே தகுதி நீக்கப்பட்டது. 2017இல் வென்ற எறும்புதின்னிப் படம், அதிலிருந்தது பாடம் செய்த உடல் என்று தெரிந்து நீக்கப்பட்டது. பரிசு போனது பெரிதில்லை. அதன்பிறகு அந்தப் பெயரில் வரும் எந்தப் படத்தையும் யார் நம்புவார்கள்?

இடத்தைச் சொல்லாதீர்கள். ஆந்தையையும் உடும்பையும் தேவாங்கையும் மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாழடைந்த கோயிலில் புதையல் என்று தோண்டுபவர்களும் சிலை திருடுபவர்களும் அப்படியே. இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஆள் நடமாட்டமில்லாத இடத்தின் சரியான முகவரி. அதை உங்கள் படம் கொடுத்துவிடக் கூடாது. படக்கோப்பில் பதியும் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டே வெளியே விடுங்கள். 'நாமக்கல் மாவட்டம்' என்று போட்டால் போதும். முழுக் குறிப்பை உங்கள் நோட்டில் மட்டும் வையுங்கள்.

ஒரு விலங்கைத் தேடி ஊரே பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 2023இல் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் இருக்கூர்ப் பக்கம் சிறுத்தை நடமாடியபோது வனத்துறை கூண்டும் தானியங்கிக் கேமராவும் வைத்துத் தேடியது. இருக்கூர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம்தான். அப்படிப்பட்ட ராத்திரியில் டார்ச்சோடு நாலு பேர் அலைந்தால் விலங்கு மிரளும், யாராவது அடிபடுவார்கள். அந்தச் சமயத்தில் பயன்பட வேண்டுமென்றால் வனச்சரக அலுவலகத்தில் போய் உங்களுக்குத் தெரிந்த தடம், வழி, குவாரி இடுக்குகளைச் சொல்லுங்கள். அப்படிப் பழகியவர்களை அடுத்த கணக்கெடுப்பில் தன்னார்வலராக அவர்களே கூப்பிடுவார்கள்.

உயிரோடு திரும்புவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகாதீர்கள், போனால் எங்கே என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றின் விளிம்பு மண் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நகரவே கூடாது. பாழுங்கிணற்றுக்குள் இறங்காதீர்கள், அடியில் விஷவாயு தேங்கியிருக்கும். குவாரிக் குட்டைக்கு ஓரத்திலேயே ஆழம். வௌவால் எச்சம் குவிந்த அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். காவிரியில் பாறைமேல் உட்கார்ந்து எடுக்கும்போது, மேலே கதவணையில் தண்ணீர் விட்டால் நீர்மட்டம் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். முழங்கால்வரை பூட்ஸ், கையில் டார்ச். கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் கிடந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேமராவும் பழக்கமும்

பழைய கேமரா உடல் ஒன்று, 400 மில்லிமீட்டர்வரை போகும் லென்ஸ் ஒன்று, நல்ல முக்காலி ஒன்று. தொடங்க இவை போதும். கடனுக்குப் பெரிய லென்ஸ் வாங்காதீர்கள்; ஒரு குறிப்பிட்ட வேலைக்கு வேண்டுமென்றால் வாடகைக்கு எடுக்கலாம்.

மீன்கொத்தி பாயும்போது வினாடியில் 2000இல் ஒரு பங்கோ அதற்கும் வேகமோ ஷட்டர் வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள், படம் மணல்மணலாக இருந்தாலும் கூர்மையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். கொட்டகைக்குள் நிலைமை தலைகீழ். ஓட்டு இடுக்கில் விழும் வெயில் கண்ணைக் கூசும், மூலை கரி இருட்டு. முக்காலியில் வைத்து ஒளியளவைக் கூட்டிக் குறைத்துப் பல படம் எடுங்கள். அடைகாக்கும் பறவைக்கும் இரவு விலங்குக்கும் ஃபிளாஷ் வேண்டாம். பறவைக்கு நடந்து வரும் ஆளைவிட நிற்கும் பைக்கும் தாழ உட்கார்ந்த ஆளும் பயமில்லை; ஒரே இடத்தில் ஒரே நிறச் சட்டையில் தினம் உட்காருங்கள், அது பழகிக்கொள்ளும்.

ஒவ்வொரு நாளும் திரும்பியதும் நோட்டில் தேதி, நேரம், இடம், காற்று, தண்ணீர் மட்டம், என்ன பார்த்தீர்கள், என்ன பார்க்கவில்லை. பறவைப் பட்டியலை இபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டப் பறவை ஆர்வலர்கள் பழக்கமாவார்கள். ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு இருக்கிறது, 2022இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற ஏரி, பயிற்சிக்குப் போய்வாருங்கள்.

காசு எங்கிருந்து வரும்?

படத்தை விற்று மட்டும் குடும்பம் நடத்துபவர்கள் இந்தியாவிலேயே மிகச் சிலர். இதை மறைத்து ஆசை காட்டுவது பாவம். ஜேடர்பாளையத்திலிருந்து தொடங்குபவருக்குச் சோறு போடுவது முதல் சில ஆண்டுகளுக்குக் கல்யாணமும் காதுகுத்தும்தான். அதில் குறைவு ஒன்றுமில்லை. இரண்டாவது வரும்படி தொழிற்சாலை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், கோழிப் பண்ணைகள், தீவன ஆலைகள்; சேலத்தில் சேகோவும் நெசவும். இருண்ட கொட்டகைக்குள் ஒளியைச் சமாளிக்கப் பழகியவருக்கு ஆலைக்குள் படமெடுப்பது எளிது. இன்னொரு வேலையும் இருக்கிறது, இதை யாரும் இங்கே தொழிலாகச் செய்து நான் பார்த்ததில்லை: இடிக்கப்போகும் பழைய ஆலையையோ தாத்தா கட்டிய சாளையையோ, இடிக்கும் முன் முழுவதுமாகப் படமெடுத்து, குடும்பத்தார் சொல்லும் கதையோடு புத்தகமாகக் கட்டிக் கொடுப்பது. கல்யாண ஆல்பத்துக்குக் காசு தரும் குடும்பம் இதற்கும் தரும்.

மூன்றாவது, ஆராய்ச்சிப் பக்கம். 2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலி இருந்தவை 76,651. சிறுத்தை இருந்தவை 51,777. கேமராவை எந்த உயரத்தில் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று தெரிந்தவர், படத்தைப் பார்த்து உயிரினத்தைச் சொல்லத் தெரிந்தவர், கோப்பை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர் இதற்கெல்லாம் வேண்டும். படிக்க விரும்பினால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி, ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம், டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூரில் 2022இல் அறிவிக்கப்பட்ட தேவாங்கு சரணாலயம் இந்தியாவிலேயே முதலாவது. இந்த வேலைக்கு அதுவும் ஓர் இடம், ஆற்றைத் தாண்டித் தெற்கே.

வேலை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு சட்ட விஷயம். நீங்களாக எடுத்த படத்துக்கு உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முதல் உரிமை அவருக்குப் போய்விடும். ஆகவே ஆலை முதலாளியிடம் வேலை ஒப்புக்கொள்ளும்போதே, 'உங்கள் தேவைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பதிப்புரிமை படக்கலைஞருடையது' என்று எழுதி வாங்குங்கள். மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. அதில் ஒன்று வேறு வீட்டில்.

ஆண்டு அட்டவணை

நம் ஊர்ப் பஞ்சாங்கமே இதற்கு ஏற்றாற்போல் இருக்கிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. வலசைப் பறவைகள் வந்து நிறைந்திருப்பதும் அப்போதுதான். பனி படர்ந்த ஆற்றுக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். புரட்டாசியிலும் கல்யாண வேலை குறையும். மழைக்குப் பின் கொட்டகைச் சுவர்களில் பச்சை ஏறும் நேரம், போன வருஷம் எடுத்த அதே இடத்தில் முக்காலியை நிறுத்தி அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். சித்திரையும் வைகாசியும் கல்யாண நெரிசல். அதிலும் மேட்டூர் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டு, ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். அணை நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். 1934இல் அணை கட்டி முடிந்தபோது மக்கள் விட்டுவிட்டு வந்த ஊர்களின் மிச்சம் அவை. கோபுரத்தின் மேல் எந்தப் பறவை உட்காருகிறது என்று பாருங்கள்.

ஆடியிலும் கல்யாணம் இல்லை. மேட்டூர் திறந்து ஆறு புரளும். ஆடி 18 அன்று ஜேடர்பாளையம் ஆற்றங்கரையில் கால்வைக்க இடம் இருக்காது, பறவையும் இருக்காது. அன்றைக்கு ராஜா வாய்க்கால் கரையோடு தெற்கே வண்டியை விடுங்கள். கூட்டத்துக்கு ஒதுங்கிய நாரைகள் கரும்புக் காட்டோரம் நிற்கும்.